படுத்தால் மறையும் தலைவலி

அமெரிக்காவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி 2015-16 பருவத்தைத் தொடர்ச்சியாக 24 வெற்றிகளோடு தொடங்கியது. அந்த 24 ஆட்டங்களில் ஒன்றிலும் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் களத்தில் இல்லை. முதுகில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தண்டுவடத் திரவம் கசிந்து, கடும் தலைவலி அவரை முடக்கிப் போட்டிருந்தது. 43 ஆட்டங்களுக்குப் பிறகே அவரால் திரும்பி வர முடிந்தது.

ஓட்டை முதுகில், வலி தலையில். காரணம், நம் மூளை மிதந்துகொண்டிருக்கிறது என்பதுதான். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, திரவத்தில் மிதப்பதால் 50 கிராம் அளவுக்கே கனக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் அந்தத் திரவம் மொத்தமே 150 மில்லி இருக்கும். உடல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரக்கிறது, பழையது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ட்யூரா என்னும் உறை கிழிந்து, சுரப்பதைவிட அதிகமாகத் திரவம் வெளியேறினால், எழுந்து நின்றதும் மூளை கீழ்நோக்கி இறங்குகிறது. அதைச் சுற்றியுள்ள சவ்வுகள் இழுபடுகின்றன, சிரைகள் புடைக்கின்றன, தலை பிளக்கிறது. படுத்தால் வலி குறைந்துவிடுகிறது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு இந்த வலி பழக்கமானதுதான். முதுகு ஊசி மயக்கத்தின் முன்னோடியான ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர், 1898இல் தன் முதுகிலேயே அதைச் சோதித்துப் பார்த்து, பிறகு தலையைத் தூக்க முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தார்.

ஊசியும் இல்லாமல் அடியும் படாமல் தானாகவே கசிவு ஏற்படும்போதுதான் சிக்கல். ஜெர்மன் நரம்பியலாளர் ஷால்டன்பிராண்ட் 1938இலேயே இந்த நோயை விவரித்திருந்தும், இன்றுகூட இதை மைக்ரேன் என்றோ சைனஸ் என்றோ மனஉளைச்சல் என்றோ நினைத்துப் பல மாதங்கள் வைத்தியம் நடக்கிறது. 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் நரம்பியல் அறுவை மருத்துவர் வூட்டர் ஷீவிங்க் வெளியிட்ட ஆய்வில், 18 நோயாளிகளில் 17 பேருக்கு முதலில் தவறான நோய்ப்பெயரே சொல்லப்பட்டிருந்தது. ஒருவருக்குச் சரியான காரணம் தெரியவர 13 ஆண்டுகள் ஆயின. “படுத்தால் வலி குறைகிறதா?” என்று கேட்கச் சில நொடிகள் போதும். தலைவலியோடு வரும் ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

கசிவு இருக்கிறது என்று சந்தேகித்தாலும் இடத்தைப் பிடிப்பது எளிதல்ல. எலும்பில் முளைத்த சிறு முள் உறையைக் குத்திக் கிழித்திருக்கலாம். நரம்பு வேரைச் சுற்றிய உறை பலூன் போலப் புடைத்துக் கிழிந்திருக்கலாம். இந்த இரண்டிலும் வெளியே தேங்கும் திரவம் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மூன்றாவது வகையில் தேக்கமே இருக்காது. தண்டுவடத் திரவம் பக்கத்துச் சிரைக்குள் நேராக வடிந்து ரத்தத்தோடு போய்விடுகிறது. இப்படி ஒரு கள்ளப்பாதை உண்டு என்பதையே 2014இல்தான் ஷீவிங்க் குழுவினர் விவரித்தார்கள். அதுவரை கசிவே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்தப் பாதையைக் காண நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கீழ்முதுகு வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துகிறார்கள். மேசையைச் சரித்ததும் மருந்து தண்டுவடம் நெடுக ஓடுகிறது. மூச்சை அடக்கச் சொல்லி, நொடிக்கு நொடி எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். நரம்பு வேரின் ஓரமாக நூல் போல ஒரு சிரை கறுத்துத் தெரிந்தால் அதுதான் இடம். சில நொடிகளில் அது மறைந்துபோகலாம். பெரும்பாலும் வலப்பக்கம் ஒரு நாள், இடப்பக்கம் இன்னொரு நாள் என்று பார்க்கிறார்கள்.

இடம் தெரிந்துவிட்டால், கத்தி இல்லாமலே அடைக்க வழிகள் இருக்கின்றன. பழைய வழி, நோயாளியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தையே ட்யூராவுக்கு வெளியே செலுத்துவது. முதுகில் ஊசி குத்தியபோது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வருவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கோர்ம்லி, 1960இல் இதை வெளியிட்டார். ரத்தம் உறைந்து ஒட்டுப்போல் நிற்கிறது. தானாக ஏற்பட்ட கசிவுகளில், ஒரே முறை செய்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைத்தது என்கிறது 2021இல் வந்த தொகுப்பாய்வு. இன்னொரு வழி ஃபைப்ரின் பசை. ரத்தம் உறைய உதவும் இரண்டு புரதங்கள் ஒன்றுசேர்ந்ததும் இறுகும் பசை அது. சி.டி. படத்தில் ஊசிமுனையைப் பார்த்தபடியே கசியும் இடத்துக்குக் கொண்டுபோய் அதைச் செலுத்துகிறார்கள்.

சிரைக்குள் வடியும் கசிவுக்கு மேயோ கிளினிக்கின் வாலித் பிரின்ஜிக்ஜி குழு 2021இல் வெளியிட்ட வழி, அந்தச் சிரைக்குள்ளேயே நுழைவது. தொடைச் சிரையில் சிறு துளையிட்டுக் கதீட்டரை ஏற்றுகிறார்கள். அது இதயத்தைத் தாண்டி, முதுகெலும்பை ஒட்டி ஓடும் அசைகஸ் சிரைக்குள் திரும்பி, கிளைச் சிரை வழியே கசிவின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஆனிக்ஸ் என்ற திரவத்தை மெல்ல விடுகிறார்கள். ரத்தம் பட்டதும் அது இறுகி வழியை அடைத்துவிடுகிறது. அதைக் கரைக்கப் பயன்படும் வேதிப்பொருளால் ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும்.

அடைத்த பிறகு சிலருக்கு வலி இடம் மாறும். பின்தலையை விட்டு நெற்றிக்கு வரும், இப்போது படுத்தால்தான் அதிகமாகும். குறைவான அழுத்தத்துக்குப் பழகிய மூளையைச் சுற்றித் திடீரென அழுத்தம் கூடுவதே காரணம். அசெட்டசோலமைடு மாத்திரை கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

தலைவலியோடு நின்றுவிடாத கசிவுகளும் உண்டு. மூளை நெடுநாள் தொங்கிப்போனால் குணமே மாறிவிடும்: அக்கறை போகும், நடத்தை பிறழும், நினைவு தடுமாறும். மீளவே முடியாத மறதி நோய் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட 21 பேரை ஷீவிங்க் குழு ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டது. 9 பேருக்குச் சிரைக் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு, அறுவைச் சிகிச்சையில் அடைக்கப்பட்டது. அந்த 9 பேருமே மீண்டார்கள். கசிவு கண்ணில் படாத மற்ற 12 பேருக்கு இடம் தெரியாமலே சிகிச்சை தரப்பட்டது; அவர்களில் மீண்டவர்கள் 3 பேர்.