பின்பெஞ்சுக் கூட்டாளி

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் கொட்டில்பாடு என்ற கடலோர ஊர்க்காரன். "மக்கா, கணக்கைக் காட்டுலே" என்று விலாவில் இடிப்பான். கூலியாக அவன் அம்மா பொரித்த சாளை வரும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா அருகே கடலடியில் கிளம்பிய சுனாமி, இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வளைந்து எங்கள் மேற்குக் கரைக்கும் வந்துவிட்டது. மேட்டுக்கு ஓடியவர்களை ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய வாய்க்கால் அது. பலர் அதில்தான் சிக்கினார்கள், அவனும்தான். கடலில் மீன்குஞ்சு மாதிரி நீந்துகிறவன்! செத்தவர்களை மொத்தமாகத்தான் அடக்கினார்கள்.

வருசா வருசம் அன்றைக்குக் கோயிலில் பூசை உண்டு. நாங்கள் போவோம். அவன் அம்மா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சம்பளம் கூட்டினானுவளா மக்களே?"