கடையத்தில் கழிந்த இரண்டு ஆண்டுகள்

வேலையும் ஓய்வும் – 11

1918 டிசம்பர் 14 அன்று கடலூர் சிறையிலிருந்து பாரதி வெளியே வந்தபோது, அவருக்கு 36 வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பத்தாண்டுப் புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்த நவம்பர் 20 அன்றே அவரைப் பிடித்துவிட்டார்கள். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். அதுவும் நிபந்தனையோடு: அரசியலை விட்டு விலகியிருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எழுத்தைத் தவிர வேறு தொழில் இல்லாதவருக்கு இப்படி ஒரு நிபந்தனை. அவர் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வேலையால் ஓய்ந்துபோனவர்களையும் அவர்கள் வேலைக்குத் திரும்பிய விதத்தையும் இந்தத் தொடரில் பார்த்து வருகிறோம். பாரதிக்கு ஒரு நோயின் பெயரை ஒட்டுவது என் நோக்கமில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய மனிதரை இன்றைய மருத்துவ அளவுகோலால் அளப்பது நியாயமும் ஆகாது. ஆனால், வேலை ஒரு மனிதரை உருக்கிவிட்ட பிறகு ஊர் அவரை எப்படித் தாங்கியது, வேலை அவரை எப்படித் திரும்ப ஏற்றது என்று கேட்டால், தாமிரபரணிப் பக்கத்தில் இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியவில்லை.

கடையம், அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. பக்கத்திலே ராமநதி, அது கடனா நதியில் சேர, கடனா தாமிரபரணியில் சேர்கிறது. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் வில்வவனநாதர் கோயில், அம்மன் நித்யகல்யாணி. பாரதி அங்கே போய் உட்கார்ந்து பாடுவார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். சுகமான காற்று, தண்ணீர், தனிமை. ஓய்வுக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

நிறைய வேண்டியிருந்தது. கையில் காசில்லை. சாதி ஆசாரத்தை மீறியவர் என்று அக்கிரகாரம் அவரை விலக்கியே வைத்தது. போலீஸின் கண் அகலவில்லை. மனைவியின் பிறந்த ஊரில், உறவினர் தயவில் இருக்கும் நிலை. 1919-ல் எட்டயபுரம் ஜமீந்தாருக்கு உதவி கேட்டுச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார்; பலனில்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்குப் போய் ராஜாஜியின் வீட்டில் காந்தியைச் சந்தித்தார், நவம்பரில் காரைக்குடி வரை போய்வந்தார். கையில் கோலோடு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படம் காரைக்குடியில் எடுத்ததுதான். அதில் நிற்பவருக்கு 37 வயதுகூட நிறையவில்லை. முகம் அப்படியா சொல்கிறது?

செல்லம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்ந்துபோய் வீடு திரும்பும் ஆணின் கதையை எழுதுகிறவர்கள் அடுப்படிப் பக்கம் திரும்புவதே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், பேசும் உறவு, பேசாத தெரு, நாளைக்கு அரிசி வேண்டும் என்ற கவலை எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. 2022-ல் கடையத்தில் பாரதியோடு செல்லம்மாளுக்கும் சேர்த்துச் சிலை வைத்தபோது எனக்கு மனம் நிறைந்தது. ஒருவர் ஓய்வெடுக்கும் வீட்டில், அந்த ஓய்வுக்கான உழைப்பை இன்னொருவர் செய்கிறார்.

இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் திரும்பி வரும் பிள்ளைகளுக்குப் போலீஸ் தொந்தரவு இல்லை. ஆனால் வீட்டுக்கடன் தவணை பின்னாலேயே வருகிறது. பாபநாசத்தில் முங்கிக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு தெருவில் நடந்தால், “என்னடே, லீவா? எப்பம் திரும்பிப் போற?” என்று பிரியமாகத்தான் கேட்கிறார்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் ‘பர்ன் அவுட்’டுக்கு விளக்கம் தந்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு அது. சக்தி வற்றிப்போவது, வேலையை விட்டு மனம் விலகுவது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை தேய்வது என்று மூன்று அடையாளங்களைச் சொன்னது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்றால் தாமிரபரணித் தண்ணீர் மட்டும் அதைக் கழுவிவிடாது.

பாரதியிடம் ஒன்று மட்டும் வற்றவில்லை. 1920 ஜூனில், கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும். அதற்குக் கடன் கொடுங்கள் என்பது கோரிக்கை. மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுப்போகும் என்று நம்பினார். பெருக்கிப் பாருங்கள், 4 லட்சம் பிரதிகள்! பணம் வரவில்லை, திட்டம் நடக்கவில்லை. அந்தச் சுற்றறிக்கையைப் பரிதாபமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்ந்துகிடந்தவர் திட்டம் போட ஆரம்பித்தால் ஆசை திரும்பிவிட்டது என்று பொருள். ஆசை உடம்பைவிட முந்தி எழுந்துவிடும். அதனால்தான் முதல் திட்டங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன. அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்காமல் இருந்தாலே போதும். பரலி சு. நெல்லையப்பர் போன்றவர்கள் சிரிக்கவில்லை. பாரதி புதுச்சேரியில் முடங்கியிருந்த 1917-லேயே ‘கண்ணன் பாட்டை’ அச்சில் கொண்டுவந்த நெல்லைக்காரர் அவர்.

1920-ல், பொதுமன்னிப்பு ஆணையால் கட்டுப்பாடுகள் நீங்கின. கடைசியில் கதவைத் திறந்தது ‘சுதேசமித்திரன்’. 1904-ல் பாரதி உதவியாசிரியராக முதலில் நுழைந்த அதே பத்திரிகை. அன்று அவரை அழைத்துக்கொண்ட ஜி. சுப்பிரமணிய ஐயர் இறந்துவிட்டார். இப்போது ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார். 1920 இறுதியில் பாரதி மறுபடி உதவியாசிரியராக அமர்ந்தார். 16 ஆண்டுக்கு முன் பார்த்த வேலைதான், அதே பொறுப்புதான். மகாகவிக்கு இது இறக்கம் என்று நினைக்கலாம். தெரிந்த வேலை, தெரிந்த எழுத்து, மாதச் சம்பளம்: ஓய்ந்து திரும்புகிறவருக்கு இவை மூன்றும் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை, திரும்பியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை. 1921-ல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியதில் அடிபட்டார். பிழைத்து, மறுபடி எழுதினார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசினார். செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டியதும் போய்விட்டார். வேலைக்குத் திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. யானையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய 12 ஆண்டுப் பட்டினியையும் கண்காணிப்பையும் அல்லவா நினைவில் வைக்க வேண்டும்? ஈராண்டு கிராமவாசம் அவ்வளவையும் ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

அதே நெல்லைச் சீமை வ.உ.சி.யின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. 1912 இறுதியில் சிறையிலிருந்து வந்தவருக்குக் கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நீதிபதி இ.எச். வாலஸ் முயற்சியால் சன்னது கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடி வழக்காடினார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் ஒரு வெள்ளைக்காரர் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்தார் என்றால், தொழிலைத் திரும்பப் பெறுவது அவருக்கு என்னவாக இருந்திருக்கும்!

இன்று வேலை பார்ப்பவர்களுக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு என்று அது சொல்கிறது. ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்? முற்றிலும் உடைந்த பிறகு ஆறு மாதம் ஊரில் கிடப்பதைவிட, உடையும் முன் அந்த 12 நாள் விடுமுறையை எடுப்பது மேல். தூக்கம் போய், உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஆற்றங்கரைக்குத் தனியே போகாதீர்கள்; பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசுங்கள்.

வேலை கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. திரும்பி வருகிறவருக்கு முதல் மாதம் அரைநாள் வேலை, பழகிய வேலை, பழைய நாற்காலி என்று கொடுக்க எந்தச் சட்டம் உங்களைத் தடுக்கிறது? அடுத்த வாரம், விக்கிரமசிங்கபுரத்தில் மூன்று ஷிப்டு ஓடிய பஞ்சாலைக்குப் போவோம்.

(தொடரும்)