கவிதா எங்கள் வீட்டுக்கு வந்தாள்

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் 'நான் போற்றும் மனிதர்' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் அப்துல் கலாம், அன்னை தெரசா என்று எழுதிக்கொண்டு போக, இவள் மோவானா என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். 2016ல் வந்த கார்ட்டூன் படத்தில், அப்பா தடுத்தும் கேளாமல் தோணியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறாளே ஒரு தீவுப் பெண், அவளேதான்! டீச்சர் சிவப்பு மையால் கோடு கிழித்து, 'உண்மையான மனிதரைப் பற்றி எழுதவும்' என்று குறித்து அனுப்பியிருந்தார்.

"பாருங்கம்மா இவ கூத்தை! நீங்களாவது ரெண்டு போடுங்க" என்று மகள் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால், எங்கள் குடும்பத்தில் ஒரு சினிமாப் பெண் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அவள் பெயர் கவிதா.

என் வயதுச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளம் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். 1974ல் கே. பாலசந்தர் டைரக்ட் செய்த 'அவள் ஒரு தொடர்கதை' படத்தின் கதாநாயகி அவள். எம்.எஸ். பெருமாளின் கதை. அதுவரை மலையாளப் படங்களில் நடித்துக்கொண்டிருந்த சுஜாதாவுக்கு அதுதான் முதல் தமிழ்ப் படம். அப்பா சாமியாராகப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன், அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் வேறு. விதவையான சகோதரி ஒருத்தி, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை ஒருத்தி, கண் தெரியாத தம்பி, அம்மா. இத்தனை பேருக்கும் கவிதாவின் ஒரு சம்பளத்தில்தான் உலை கொதிக்க வேண்டும். காத்திருந்து அலுத்த காதலன் விதவைச் சகோதரியின் பக்கம் மனம் திரும்ப, கவிதாவே முன்னின்று அவர்களுக்கு மணம் முடித்து வைக்கிறாள். அப்புறம் ஆபீஸ் மேலதிகாரி அவளைக் கேட்டு வருகிறார். அண்ணனும் திருந்துகிறான். 'அப்பாடா' என்று நாம் மூச்சு விடும்போது, கல்யாண வேளையில் அண்ணன் கொலையாகிறான். தன் இடத்தில் தங்கையை உட்கார வைத்துவிட்டு, கவிதா மறுபடி வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். அப்பா கோட்டாறு கம்போளத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1973 ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் கடையிலேயே ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். எனக்குப் பதினைந்து, தம்பிக்குப் பன்னிரண்டு. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆபீஸில் அக்காவுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது.

மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பொட்டப்பிள்ளை சம்பளத்துல சோறு திங்கவா போறிய?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கியது 1819ல்! அதைத் தொடங்கிய மார்த்தா மால்ட் அம்மையார்தான் ரேந்தை பின்னும் வேலையையும் இங்கே சொல்லிக்கொடுத்தார். ரேந்தை பின்னிக் கூலி வாங்கிய பெண்கள் அந்தக் காலத்திலேயே இந்த மண்ணில் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் கன்னியாகுமரிதான். ஆனால் பெண் படிப்பது ஒன்று. அவள் கொண்டுவரும் பணத்தில் ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுவது வேறொன்று. டீச்சர் வேலை என்றால் தலையாட்டும் மாமாவே, ஆம்பிளைகளோடு ஆபீஸில் இருந்து டைப் அடிப்பது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா தலையைக் குனிந்துகொண்டேதான் பஸ் ஏறினாள். ஏதோ குற்றம் செய்கிறவள் மாதிரி, சந்துக்குள் சுற்றிப் போய்த்தான் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள்.

1975ல் அந்தப் படத்தைப் பார்க்கப் போனோம். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். நானும் அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் நேர்வழியாக, மாமா வீட்டு வாசலைத் தாண்டியே போனாள். அடுத்த வாரம் மாமா மறுபடி ஆரம்பித்தபோது, பதில் நிதானமாக வந்தது.

"மாமா, அப்பாவுக்கு மருந்துக்கே மாசம் நாப்பது ரூவா ஆவுது. நீங்க தாறியளா? தாறதுன்னா சொல்லுங்க, நாளைக்கே வேலைக்குப் போறதை நிறுத்திக்கிடுதேன்."

மாமா காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்தான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதற்கு முன்னால் திரையில் எத்தனை நல்ல பெண்களைப் பார்த்திருக்கிறோம்! எல்லாரும் பொறுமைசாலிகள், கண்ணீர் விடுகிறவர்கள், பூஜை அறையில் முறையிடுகிறவர்கள். கவிதா சிடுசிடுப்புக்காரி. வெடுக்கென்று பேசுவாள். வீட்டில் இருப்பவர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள். கோபக்காரியாக இருந்துகொண்டும் ஒருத்தி நல்லவளாக இருக்கலாம் என்பதை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். வீட்டில் அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அம்மாவா, ஆச்சியா? அவர்களுக்கே அது தெரியாதே!

அக்கா மட்டுமல்ல. அந்தப் படத்தைத் தெலுங்கில் 1976ல் ஜெயப்பிரதாவை வைத்தும், இந்தியில் 1982ல் ரேகாவை வைத்தும், கன்னடத்தில் 1983ல் சுஹாசினியை வைத்தும் எடுத்தார்கள். வங்காளியிலும் எடுத்தார்கள். வங்காளத்தில் அதற்கு முன்பே, 1960ல், ரித்விக் கட்டக் 'மேகே டாகா தாரா' என்ற படத்தில் இப்படி ஒரு மூத்த மகளைக் காட்டியிருந்தார். பாகிஸ்தான் பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த குடும்பம். நீதா என்ற அந்தப் பெண் உழைத்து உழைத்துக் காசநோய் கண்டு, கடைசியில் மலைப்பிரதேச ஆஸ்பத்திரியில், தனக்கும் வாழ ஆசை இருந்தது என்று அண்ணனிடம் கதறுகிறாள். ஊருக்கு ஊர் இப்படி மூத்த மகள்கள் இருந்திருக்கிறார்கள்; படம் எடுத்தவர்கள் அதை மறுபடி மறுபடி எடுத்ததில் ஆச்சரியமில்லை.

கற்பனைப் பெண்தானே என்று லேசாக எண்ணிவிடக் கூடாது. எங்களுக்குப் பக்கத்து ஊரான தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' நூலில் கதை சொல்லுகிறவள் ஒரு குடும்பத் தலைவரின் ஐந்தாவது மனைவி. அவளும் கற்பனைதான். சொத்தெல்லாம் மருமகன்களுக்குப் போக, பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நின்ற கொடுமையை அவள் வாயால் கேட்டு இந்த நாடே சிரித்தது, பிறகு வெட்கப்பட்டது. 1926ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழக்கம் மாறியது. 'எங்க பாட்டைச் சொல்லுதாளே' என்று எத்தனை பெண்கள் அந்த ஐந்தாம் மனைவியைத் தங்களில் ஒருத்தியாக எண்ணியிருப்பார்கள்!

இதுவரை பெருமையாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

1978ல் ஒரு வரன் வந்தது. அக்காவைப் பார்க்கத்தான் வந்தார்கள். நல்ல இடம், பையனுக்கு அரசாங்க உத்தியோகம். அம்மா உளுந்த வடை சுட்டுப் பரிமாறினாள். அக்கா காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்கு இப்போ கல்யாணம் முடியாது. தம்பி பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கான். உங்களுக்குச் சம்மதம்னா என் தங்கச்சியைப் பாருங்க."

அந்த மாப்பிள்ளைதான் என் வீட்டுக்காரர். 1979ல் கல்யாணம். சீட்டுப் பிடித்து நகை போட்டதும் அக்காதான்.

எனக்கு அப்போது இருபது வயது. "அக்கா முதல்ல, அப்புறம் நான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. படம் பார்த்த பெண்கள் எல்லாரும் தங்களைக் கவிதா என்று நினைத்திருப்பார்கள். அவள் இடத்தில் போய் உட்கார்ந்த தங்கை என்று யாராவது நினைத்திருப்பார்களோ என்னவோ, நான்தான் அவள்.

சினிமாவைக் குற்றம் சொல்லமாட்டேன். அப்பாவின் மருந்துச் செலவும் தம்பியின் ஃபீஸும் சினிமாவிலிருந்து வந்தவை அல்ல. ஆனால் ஒன்று. "எங்க வீட்டுக் கவிதா" என்று ஊரெல்லாம் பெருமை பேசினோம். அம்மா பேசினாள், தம்பி பேசினான், நானும் பேசினேன். பெருமை பேசுவது செலவில்லாத காரியம். தியாகி என்று பெயர் கொடுத்துவிட்டால், 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிற வேலை மிச்சம்! 1983ல் அப்பா காலமானார். தம்பி வேலைக்குப் போய்க் குடும்பஸ்தனும் ஆனான். அப்போதுகூட அக்காவின் கல்யாணப் பேச்சை எங்களில் யாரும் எடுக்கவில்லை. முப்பது வயதுதான் அவளுக்கு.

1995ல் அக்கா பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழு இருந்தது! வருஷக்கணக்காக மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. காலை ஆகாரமும் கிடையாது. ஒரு தம்ளர் காப்பி, ஓட்டமாக ஓடி பஸ். கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். (சகோதரிகளே, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணி மாற்ற வேண்டிய நிலை வந்தால் அதைச் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சேராது. முருங்கைக்கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவது நல்லது.)

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாசம் அக்கா என் வீட்டில் இருந்தாள். ஒருநாள் டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். என் மகளுக்குப் பதினொரு வயது. பெரியம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள், நடுவில் கேட்டாள்.

"பெரியம்மா, எல்லாருக்கும் இவதான் குடுக்கா. இவளுக்கு யாரு குடுக்கா?"

நான் அடுக்களை வாசலில் அரிவாள்மணையோடு நின்றுவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு அவகிட்ட தைரியம்தான் வேண்டியிருந்துது மக்ளே. எடுக்கும்போது மிச்சத்தையும் சேர்த்து எடுத்துட்டேன்."

கல்யாணக் கட்டம் வந்தபோது எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். "கடைசி சீன் பாக்கலியா அக்கா?" என்றேன். "அதான் பாத்ததுதானே" என்றாள். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரும் நானும் சாப்பிடாமலே படுத்தோம். அவருக்கும் எல்லாம் தெரியும்.

அதன்பிறகு சிலது மாறியது. அம்மாவின் செலவைத் தம்பி முழுசாக ஏற்றுக்கொண்டான். கொஞ்சம் சண்டை போட்டுத்தான் ஏற்க வைத்தோம். அக்கா சம்பளத்தில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கட்டில், ஒரு ரேடியோ வாங்கினாள். தோழிகளோடு காசிக்குப் போய்வந்தாள். கல்யாணம் மட்டும் "போதும் விடு" என்றாகிவிட்டது. அதற்கு மாற்று என்று என்னிடம் எதுவும் இல்லை.

2011 ஏப்ரலில் சுஜாதா காலமான செய்தி வந்தது. நான் பதறிப்போய் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "அய்யோ பாவம், நல்ல நடிகை. கொஞ்ச வயசுதானே" என்றாள். பிறகு, "அவங்க வேற, கவிதா வேறல்லா" என்றாள். எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பேத்தியின் கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். நான் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம்தான் போனேன். எழுபது தாண்டியும் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் பேப்பர் படிக்கிறாள். டீச்சரின் சிவப்பு மையைப் பார்த்துச் சிரித்தாள். பேத்தியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"மோவானாகிட்ட உனக்கு என்ன பிடிச்சிருக்கு மக்ளே?"

"அவ கடலுக்குப் பயப்படல்ல பெரியாச்சி."

"செரி. போனவ வீட்டுக்குத் திரும்பி வந்தாளா?"

"வந்தா."

"கை கால் சொகமா வந்தாளா?"

"ஆமா பெரியாச்சி. வந்து, எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் திரும்பக் கடலுக்குப் போனா."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்போ நீ எழுது. டீச்சர்கிட்ட நான் வந்து பேசுதேன்" என்றாள்.