திருடனுக்குக் கார் மட்டும் போதாது

எங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கோயிலில் உற்சவருக்குக் கள்ளபிரான் என்பது திருநாமம். காலதூஷகன் என்னும் திருடன் தன் களவில் பாதியைப் பெருமாளுக்குக் காணிக்கையாக்கி வந்தானாம். அவனுக்கு ஆபத்து வந்தபோது பெருமாளே அவன் உருவில் அரசன் முன் போய் நின்றாராம். இப்படி ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் இங்கே சொல்லப்போகும் திருடர்கள் பாதியென்ன, ஒரு சக்கரத்தைக்கூட யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தகப்பனார் வாடகைக்கு ஓட்டிவந்த கார் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் களவு போயிற்று. சவாரி வந்தவர்கள் பந்தியில் இருந்தார்கள். அவரும் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் கார் இல்லை. அது கைமாற்றாகப் பணம் வாங்கிப் பழையதாக எடுத்த வண்டி. போலீசில் எழுதிக் கொடுத்துப் பல மாதங்கள் ஆகியும் தகவல் இல்லை. இன்ஷூரன்ஸ் பணமாவது வரும் என்று இருந்தார்கள். ஆனால் அவர் கட்டியிருந்தது 'தேர்டு பார்ட்டி' மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்குத்தான் அது ஈடு கொடுக்கும். நம் வண்டியே போய்விட்டால் கொடுக்காது. சட்டப்படி கட்டாயமானது அது ஒன்றே என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். களவுக்கும் ஈடு வேண்டுமானால் முழுப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். அப்போதும் போலீசின் முதல் தகவல் அறிக்கை, வண்டி அகப்படவில்லை என்ற சான்று, ஆர்.சி. புத்தகம், சாவிகள் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

முழுப் பாலிசி இருந்தும் பணம் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஒருவருடைய டிராக்டர் 2010 அக்டோபரில் திருடு போனது. அன்றே போலீசில் புகார் செய்தார்; கம்பெனிக்கு 52 நாள் கழித்தே தெரிவித்தார். தாமதம் என்று சொல்லிக் கம்பெனி கைவிரித்தது. உடனே போலீசுக்குப் போயிருக்கும்போது இந்தத் தாமதத்தைக் காரணம் காட்டலாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது வருடத்துக்கு மேல் என்பது ஒரு விவசாயிக்கு எத்தனை பூ அறுவடை!

சரி, பூட்டிய காரை எப்படி எடுத்துப் போகிறார்கள்? அம்பாசிடர் காலத்தில் கள்ளச் சாவியே போதும். அதுவும் இல்லாவிட்டால் சாவித் துளைக்குப் பின்னாலுள்ள கம்பிகளை இணைத்து எஞ்சினைக் கிளப்பிவிடுவார்கள். அதைத் தடுக்கவே சாவியின் தலைக்குள் ஒரு சிறு 'சிப்' வைத்தார்கள். அதன் இரகசிய எண்ணைக் கார் அறிந்துகொண்டால்தான் எஞ்சின் ஓடும். இதற்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால் கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் அது வைக்கப்படவில்லை. 2021, 2022 ஆண்டுகளில் அங்கே நம் வயதுப் பிள்ளைகளே செல்போன் சார்ஜர் வயரின் முனையைச் செருகித் திருப்பி அக்கார்களை ஓட்டிப் போனார்களென்றால் பாருங்கள்!

இப்போது சாவியைச் செருகாமலே, பையில் வைத்திருந்தால் திறக்கும் கார்கள் வந்துவிட்டன. இதற்கும் வழி கண்டுவிட்டார்கள். ஒருவன் வீட்டுக் கதவருகே ஒரு கருவியோடு நிற்பான். மற்றொருவன் காரருகே இன்னொரு கருவியோடு நிற்பான். உள்ளே மேசைமேல் கிடக்கும் சாவியின் மெல்லிய அலையை முதற்கருவி பிடித்து அடுத்ததற்கு அனுப்பும். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் ஏமாந்து கதவைத் திறந்துவிடும். சாவியைத் தகர டப்பாவில் போட்டு மூடிவைத்தால் அந்த அலை வெளியே போகாது. 2025-இல் சென்னை அண்ணா நகரில் இப்படி மின்னணுக் கருவியால் ஒரு கார் திருடப்பட்டது. காமிராப் பதிவைக் கொண்டு தேடிப் பிடிக்கப்பட்டவர் ராஜஸ்தானைச் சேர்ந்த எம்.பி.ஏ. பட்டதாரி என்று செய்தி வந்தது. படிப்பு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று எங்கள் சிஸ்டர் பெருமூச்சு விட்டார்கள்.

கருவியே வேண்டாத களவும் உண்டு. 1998 ஆகஸ்டில் டில்லியில் ஒருவர் பெரிய ஓட்டல் ஒன்றுக்குப் போய், கார் நிறுத்தும் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். வேறு காரில் வந்த மூன்று இளைஞர்களில் ஒருவன், மேசையிலிருந்த அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு, காவலாளி தடுக்கத் தடுக்க மாருதி ஜென்னை ஓட்டிப் போய்விட்டான். "வண்டிக்கு உரியவரே பொறுப்பு" என்று சீட்டில் அச்சிட்டிருந்ததைக் காட்டி ஓட்டல் தப்பப் பார்த்தது. சாவியை வாங்கிக்கொண்டவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எடுத்துப் போவது எளிது. விற்பதுதான் திருடனுக்குப் பெரும் பாடு. ஏனெனில் ஒவ்வொரு காரின் இரும்பிலும் 17 எழுத்தும் எண்ணுமாகச் சேஸிஸ் எண் பொறித்திருக்கிறது. அதனால் சிலர் காரையே பிரித்துவிடுகிறார்கள். எஞ்சின் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று போய்விட்டால் எதைக் கண்டுபிடிப்பது? உத்தரப் பிரதேசத்து மீரட்டில் சோதிகஞ்ச் என்ற பழைய உதிரிப்பாகச் சந்தை இதற்கே பேர் போனதாயிருந்து, 2021 டிசம்பரில் போலீசாரால் மூடப்பட்டது. 2017 அக்டோபர் 12-இல் டில்லியில் களவான அப்போதைய முதலமைச்சர் கேஜ்ரிவாலின் நீல வேகன் ஆர் மட்டும் இரண்டே நாளில் காஜியாபாத்தில் முழுசாகக் கிடைத்தது. யாருடைய கார் என்று அறிந்து பயந்து விட்டுவிட்டார்கள் போலும்.

இன்னும் சிலர், விபத்தில் நொறுங்கிப்போன காரின் ஆர்.சி.யை விலைக்கு வாங்குகிறார்கள். பிறகு அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, அதன் எண்ணைத் தேய்த்து அழித்து, செத்துப்போன காரின் எண்ணை அடித்துவிடுகிறார்கள். காகிதம் உண்மையானது, கார்தான் பொய்! 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கழற்ற முடியாத பூட்டோடும் லேசர் எண்ணோடும் வரும் நம்பர் பிளேட்டு, பிளேட்டை மாற்றுகிறவனுக்குத்தான் தடை.

ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டையும் சீட்டையும் அல்ல. காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நாம் சிறுவயதில் படம் எடுப்போமே, அதேபோல் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்செடுக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அந்த அச்சைக் கேட்பதுண்டு. எழுத்துகள் ஒரே ஆழமாய், ஒரே வரிசையாய் விழாவிட்டால் முன்பணம் கொடுக்கலாகாது. களவு வண்டியென்று பின்னால் தெரிந்தால், போலீசார் வந்து எடுத்துப் போவது, பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலிலிருந்துதான்.