நுரைக்கும் ஒரு கணக்கு உண்டு

போன மாதம் ஒரு நாள் வேலைக்கார அம்மா வரவில்லை. பாத்திரம் கழுவும் மெஷினுக்கு உரிய பவுடரும் தீர்ந்திருந்தது. கையால் தேய்க்கும் லிக்விடை நான் அதில் ஊற்றிவிட்டேன். சற்று நேரத்தில் சமையலறைத் தரையெல்லாம் நுரை! "ரயில்வேயில முப்பத்தெட்டு வருஷம் இன்ஜினீயரா இருந்தீங்களேப்பா!" என்றான் மகன்.

சுருக்கென்றது. நுரையின் விபரீதம் எனக்குத் தெரியாததா? 1982-ல் டிப்ளமா முடித்து லோகோ ஷெட்டில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாய்லர் நீரில் உப்பு ஏற ஏற நுரை பொங்கும். கேஜ் கிளாஸ் பொய்யான மட்டத்தைக் காட்டும். நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் புகும். தண்ணீர் அமுங்காதே, சிலிண்டர் மூடியே உடைந்துபோகும்! நுரையை அடக்க விளக்கெண்ணெய் சேர்ப்பது பழைய வழக்கம். பிறகு அந்த வேலைக்குப் பாலிமர்கள் வந்தன.

சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும், எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தப் பாலிமர்களோ இரண்டு வகை மணிகளைக் கோத்த மாலை மாதிரி. எத்திலீன் ஆக்சைடு மணிகள் தண்ணீரை விரும்பும்; புரொப்பிலீன் ஆக்சைடு மணிகள் விலகும். 'புளூரானிக்' என்ற வகையில் விலகும் மணிகள் நடுவில், விரும்பும் மணிகள் இரு ஓரங்களிலும்.

இதில் எல்-61, எஃப்-68 என்று இரண்டு உண்டு. இரண்டிலும் நடுப்பகுதி ஏறத்தாழ ஒரே நீளம்தான். ஓரங்கள்தான் வேறு. எல்-61-ல் தண்ணீரை விரும்பும் பங்கு எடையில் 10 சதவீதம். எஃப்-68-ல் 80 சதவீதம். பின்னது தண்ணீரில் நன்றாகக் கரைந்து நுரை தரும். முன்னதோ நுரையைக் கொல்லும்! அதன் 1 சதவீதக் கரைசல் சுமார் 24 டிகிரியிலேயே கலங்கிவிடும். அதற்கு மேல் சூடானால் அது நுண்துளிகளாகப் பிரிந்து, குமிழியின் மெல்லிய சுவருக்குள் நுழைந்து அதை உடைக்கிறது. மெஷினில் வெந்நீர் ஓடுவது இதற்குத் தோதாகப் போயிற்று.

எனக்கு அதிசயமாகப் பட்டது வேறொன்று. அதே மணிகளை வரிசை மாற்றி, விலகுபவற்றை ஓரங்களில் வைத்துக் கோத்தாலே நுரை குறைந்துவிடுகிறது. சரக்கு ஒன்றுதான், பெட்டிகளைக் கோத்த வரிசைதான் வேறு.

மெஷினுக்கான பவுடர்களில் இப்படி நுரை குறைந்த பாலிமர்களைச் சேர்ப்பதுண்டு. கை லிக்விடோ நன்றாக நுரைப்பதற்கென்றே செய்தது. அந்தப் பாட்டிலை இப்போது மருமகள் என் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்திருக்கிறாள்.