ஸ்டேஷன் மாஸ்டர் பூனைக்கு இறுதி மரியாதை

உறவினர் ஊரில் இருக்க, இங்கே ஃப்ளாட்டில் வளரும் நம் குழந்தைகளுக்குப் பூனையும் ஓர் உறவு. அது இறந்தால் அழுகிறார்கள். "ஒரு பூனைக்குப் போய் இவ்வளவா?" என்று அடக்கிவிடுகிறோம். ஜப்பானில் ஒரு ரயில்வே கம்பெனி அப்படி நினைக்கவில்லை.

வாகயாமா பகுதியில் 14.3 கி.மீ. நீளமுள்ள கிஷிகாவா ரயில் பாதை, நஷ்டத்தால் மூடப்படும் நிலையில் இருந்தது. 2006-இல் புதிய கம்பெனி ஏற்றது. செலவைக் குறைக்க, கடைசி நிலையமான கிஷியில் ஊழியரை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த தாமா என்ற பெண் பூனை, 2007 ஜனவரியில் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிற்று. தலையில் தொப்பி, சம்பளம் பூனைத் தீனி! அதைப் பார்க்கவே பயணிகள் வந்தனர். பாதை பிழைத்தது.

2015 ஜூன் 22-இல், 16 வயதில், தாமா இறந்தது. ஷிந்தோ முறையில் நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 3,000 பேர் வந்தனர். நடைமேடையிலேயே சிறு கோயிலும் எழுந்தது. 50 நாள் துக்கம் முடிந்த பிறகே அடுத்த பூனை பதவி ஏற்றது.

துக்கத்துக்கு ஓர் இடமும் கொஞ்சம் அவகாசமும் கொடுத்தால்தான் அது ஆறும். நம் வீட்டுப் பூனை போனாலும், குழந்தையின் கையால் ஒரு பூ வைக்கச் சொல்லுவோம். மறுநாளே வேறு குட்டியைக் கொண்டுவந்து சமாதானம் செய்ய வேண்டாம்.