ஏ.சி. குளிரவில்லையா? வயரைத் தொடாதீர்கள்!

ஆரணி என்றால் பட்டுச் சேலை.

தறியில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் பாவாக ஓடும். ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார். அந்த இழைக்கு உரிய விழுதுக் கண்ணைத் தேடிப் பிடித்து, முடி போடுவார். இடம் மாறினால் சேலை கெட்டுவிடும்.

ஏ.சி. எந்திரத்திலும் இழைகள் உண்டு. அவை மின்சார வயர்கள். அங்கே இடம் மாறினால் உயிரே போகலாம்!

ஆசிரியர் கண்டுபிடித்தது

அறை குளிர்ந்ததும் ஏ.சி.யின் வேகம் அடங்குகிறது. சூடானதும் மறுபடி குளிரத் தொடங்குகிறது. இதைச் செய்வது யார்? "தெர்மோஸ்டாட்" என்னும் சிறு கருவிதான்.

அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அங்கு கடும் குளிர். வகுப்பறையின் சூட்டைப் பார்க்க ஊழியர் அடிக்கடி உள்ளே வருவார். பாடம் தடைப்படும். இதற்கு வழி தேடிய ஜான்சன், 1883-ல் மின்சார தெர்மோஸ்டாட்டுக்கு உரிமை பெற்றார்.

வண்டிக்குள் வீடு

அமெரிக்காவில் படுக்கை, சமையல் அறையோடு கூடிய பெரிய வண்டிகள் உண்டு. குளிருக்குக் கணப்பு, வெயிலுக்கு ஏ.சி. பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே தெர்மோஸ்டாட்தான்.

கணப்பு எரியாவிட்டால் பழுது எங்கே? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மின்சாரம் வரும் வயரையும் கணப்புக்குப் போகும் வயரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கணப்பு எரிந்தால் கெட்டது தெர்மோஸ்டாட். எரியாவிட்டால் கோளாறு வயரிலோ கணப்பிலோ இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் அந்த வயரில் ஓடுவது பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம்.

இங்கே கூடாது!

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்! பழைய ஜன்னல் ஏ.சி.யில் இந்த மின்சாரம் தெர்மோஸ்டாட் வழியாகவே போகிறது. அந்த வயர்களைத் தொட்டால் ஆபத்து.

சுவிட்சை அணைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஏ.சி.யின் "கெப்பாசிட்டர்" சிறிது நேரம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதுவும் தாக்கும்!

நீங்கள் செய்யக் கூடியவை

* ரிமோட்டைப் பாருங்கள். "பேன்" என்று இருந்தால் காற்று மட்டுமே வரும். "கூல்" என்று மாற்றுங்கள்.

* அறையின் சூட்டைவிடக் குறைவான எண்ணை வையுங்கள். 24 டிகிரி போதும். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏ.சி.களில் இந்த அளவே முதலில் வைத்து வருகிறது.

* ஏ.சி.யை நிறுத்திவிட்டு வலைத் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தூசி அடைத்தாலும் குளிர்ச்சி குறையும்.

* அணைத்த ஏ.சி.யை உடனே போடாதீர்கள். மூன்று நிமிடம் பொறுங்கள்.

இவ்வளவு செய்தும் குளிரவில்லையா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறுந்த பட்டு இழைக்கு நெசவாளி வேண்டும். ஏ.சி. வயருக்குத் தொழில் தெரிந்தவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி, உயிரைவிடப் பெரிது அல்ல!